உல்லாசப் படகு இலக்கணம்

பாயிரம் கூறாமல் நூலுக்குள் நுழைவது பண்டிதர் சபையில் மன்னிக்கப்படாத குற்றமாகையால், ஏரியில் அரைமணி நேரம் மிதந்து திரும்புவதற்கு எந்தப் படகை அமர்த்திக்கொள்வது என்ற இந்த விஷயத்துக்கும் எட்டுறுப்புப் பாயிரம் ஒன்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆக்கியோன் பெயரைப் பத்திரிகாசிரியர் அச்சிட்டால் காணலாம். வழி வினவுவோர்க்கு, முதல்நூல் இதுவே என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான் என்றாலும் படகின் லக்ஷணம் சொல்வதில் போஜராஜன் முந்திக்கொண்டுவிட்டபடியால் இது வழிநூலே. எல்லை, கொடைக்கானல், உதகை, ஏற்காடு ஆகிய ஏரிகளும் அவற்றை ஒத்த பிற நீர்நிலைகளும், கடல் விலக்கப்பட்டது. நூற்பெயர் மேலே கண்டது. யாப்பு நான்கனுள் தொகுத்தலை விடுத்து விரித்தலையே கைக்கொண்டேன். நுதலிய பொருள் படகு. கேட்போர், டிக்கெட் வரிசையில் நிற்போர். பயன், வரிசை நகரும்வரை பொழுது போதல்.

இனிச் சரித்திரம். மதுரை ஜில்லாக் கலெக்டராக விளங்கிய லெவின்ஜ் துரை 1863ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலையிலே ஓடைகளை மறித்து, நட்சத்திர வடிவமான ஏரியொன்றை உண்டாக்கி, அதில் விடுவதற்கு முதற் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார் என்பர். கடற்கரையிலே பிறந்து நீரில் இறங்க வேண்டிய கலம் ஏழாயிரம் அடி மலையேறி நீரில் இறங்கியதென்றால், அதைச் சுமந்தவர்களின் அபிப்பிராயம் என்னவாயிருந்திருக்கும் என்பதைச் சரித்திர நூல்கள் பதிவு செய்யவில்லை. உதகை ஏரியோ சல்லிவன் துரை காலத்தில், 1823க்கும் 1825க்கும் இடைப்பட்டு உருவானது. இவ்விரண்டு ஆண்டுகளுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரு புலவர்கள் ஆயுள் பரியந்தம் ஒருவரோடொருவர் பேசாதிருக்க இடமுண்டு. அந்த வாய்ப்பை அவர்களிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை.

படகின் லக்ஷணத்தைச் சாஸ்திரோக்தமாக அறிய விரும்புவோர் போஜராஜன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்னும் வடமொழி நூலைத்தான் நாட வேண்டும். அந்நூல் மரங்களைப் பிராமண, க்ஷத்திரிய, வைசிய, சூத்திர ஜாதிகளாகப் பிரித்து, இலேசாயும் மென்மையாயும் எளிதில் இணையக்கூடியதாயும் இருப்பது முதல் ஜாதி என்றும், இலேசாயும் கடினமாயும் இருந்து பிறவற்றோடு ஒட்டாதது இரண்டாவதென்றும், மென்மையும் கனமும் உடையது மூன்றாவதென்றும், கடினமும் கனமும் கூடியது நான்காவதென்றும் வகுத்து, க்ஷத்திரிய மரத்தால் செய்த கலமே செல்வமும் சுகமும் தரும், இருவேறு ஜாதி மரங்களைக் கலந்து செய்தது நிலைக்காமல் நீரில் உளுத்துப்போகும் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. கலப்பு மணத்தைக் கண்டால் நம்மவருக்கு உண்டாகும் நடுக்கம் கட்டைக்கும் பலகைக்கும்கூடப் பரவியிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

ஆனால் இன்று நம் ஏரிகளில் மிதப்பவற்றுள் பெரும்பாலானவை ஃபைபர் கிளாஸ் படகுகள். கண்ணாடி இழையும் பிசினும் அச்சிலே படிந்து, விதையும் வேரும் இன்றிப் பிறந்த இவற்றின் வருணம் யாது? இலேசாயும் கடினமாயும் இருத்தலின் க்ஷத்திரியமே என்பர் ஒரு சாரார். இழை வேறு, பிசின் வேறு, இரண்டும் கலந்தது ஜாதிப் பிரஷ்டம் என்பர் மற்றொரு சாரார். கலப்பாய் இருந்தும் உளுத்துப்போகாமல் மிதந்துகொண்டிருப்பதே போஜனுக்கு மறுப்பு என்பது என் துணிபு. எனினும் ராஜாவை மறுப்பது மரியாதையன்றாகையால், ‘மேலும் ஆராயத்தக்கது’ என்று எழுதிவிட்டு மேலே செல்கிறேன். ஆராய்ச்சி உலகில் இந்த இரண்டு சொற்களைப் போல் பாரம் தாங்கும் படகு வேறொன்று இல்லை.

சாதாரணக் கலங்களைப் போஜன் க்ஷுத்ரா, மத்யமா, பீமா, சபலா, படலா, பயா, தீர்க்கா, பத்ரபுடா, கர்பரா, மந்தரா எனப் பத்தாக்கி, அவற்றுள் பீமாவும் பயாவும் கர்பராவும் அமங்கலமானவை என்று எச்சரிக்கிறான். ராதாகுமுத முகர்ஜி 1912இல் வெளியிட்ட இந்தியக் கப்பல் தொழில் வரலாற்றில் இவற்றின் நீள அகல உயரங்களை அட்டவணையிட்டார். அவருக்குப் பின் எழுதிய பலர் அவருடைய அட்டவணையைப் பார்த்து அட்டவணை எழுதினார்களேயன்றி, படகைப் பார்த்து எழுதியதாகத் தோன்றவில்லை. ஏனெனில் ஏரிக்கரையில் நின்று கவனிப்பவனுக்கு இப்பத்தும் பத்துக் கலங்கள் அல்ல, ஒரே கலத்தின் பத்து அவஸ்தைகள் என்பது உடனே விளங்கிவிடும். பிள்ளைகள் மிதிக்கும்போது சபலாவாயிருப்பது, தகப்பனார் மிதிக்கத் தொடங்கியதும் மந்தராவாகி, பருத்த சரீரமுடைய மாமா ஒருவர் ஓரத்திலே காலெடுத்து வைக்கும் கணத்தில் பயா ஆகிவிடுகிறது.

இனி வகைகள். மோட்டார் படகு என்பது நீரில் ஓடும் பஸ். அதற்கு இலக்கணம் வேண்டியதில்லை. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, ஒகேனக்கல்லில் காண்க. ஷிகாரா காஷ்மீரத்து முறைப்படி மெத்தையும் விதானமும் உடையதாகலின் தூங்குவோர்க்கு உரியது. கேரளத்துக் கெட்டுவள்ளம் ஆணியின்றிக் கயிற்றினால் தைக்கப்படுவது. கடலில் காந்தப் பாறைகள் இழுத்துவிடும் என்பதனால் அடிப்பலகைகளை இரும்பால் பிணைக்கலாகாது என்று போஜன் விதித்திருப்பதை இதனோடு ஒப்பு நோக்குக. கொடைக்கானல் ஏரியில் காந்தப் பாறை இருப்பதாக இதுவரை எவரும் எழுதவில்லை. எழுத ஒருவர் வருவார்.

துடுப்புப் படகைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். இதில் துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த திசையையே பார்த்தவண்ணம் இருக்கிறார். கழிந்துபோன நீர்ப்பரப்பு முழுவதும் அவருக்குத் தெளிவாய்த் தெரிகிறது. முன்னே இருக்கும் கோரைப்புதர் மட்டும் முட்டிக்கொண்ட பிறகே தெரியவருகிறது. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் ஏரிக்கு வந்தால் வேறு படகைத் தேட வேண்டாம்.

எஞ்சியது பெடல் படகு. இந்நூலின் உயிர்நிலை இதுவாகையால் வாசகர்கள் சௌகரியமாக அமர்ந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜீவன் கடைத்தேறும் விதத்தை விளக்கப் புகுந்த வைஷ்ணவ ஆசாரியர்கள் இரண்டு நியாயங்களை எடுத்தாண்டார்கள். குரங்குக்குட்டி தானே தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியையோ தாயே வாயில் கவ்விச் செல்லும். முன்னது வடகலையாருக்கும் பின்னது தென்கலையாருக்கும் உகந்தது. இந்த வாதத்தை ஏரிக்குக் கொண்டுவந்தால், படகோட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருப்பது பூனைநெறி என்பதில் ஐயமில்லை. தன் முயற்சியாலேயே கரை சேர வேண்டிய பெடல் படகு குரங்குநெறி என்று முதற்பார்வையில் தோன்றும். தோற்றம் பொய். நம் ஏரிகளில் ஓடும் பெடல் படகுகளில் சாதாரணமாக இரண்டு ஆசனத்து மிதிகளும் ஒரே இரும்புத் தண்டிலே வளைத்துக் கோக்கப்பட்டவை. ஒருவர் மிதித்தால் தண்டு சுழலும். தண்டு சுழன்றால் மற்றவர் பாதங்களும், அவர் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், மேலும் கீழும் போய் வரும். ஆகவே ஒருவர் மிதிக்கிறார், மற்றவர் மிதிக்கப்படுகிறார். ஆனால் இருவருள் குரங்கு யார், பூனை யார் என்பது கரையிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. சில சமயங்களில், தாமே மிதிப்பதாக மெய்யாகவே நம்பிக்கொண்டிருக்கும் பூனைக்கே தெரியாது.

இந்தக் கர்த்ருத்வ நிர்ணயத்தில் நான்கு மதங்கள் உண்டு. வியர்ப்பவரே மிதிப்பவர் என்பது முதல் மதம். கொடைக்கானல் குளிரில் யாருக்கும் வியர்ப்பதில்லையாகையால் இது தள்ளுண்டது. பெருமூச்சு விடுபவரே மிதிப்பவர் என்பது இரண்டாவது. பெருமூச்சுக்குக் குடும்ப வாழ்வில் வேறு காரணங்களும் இருத்தலின் இதுவும் நில்லாது. மூன்றாவது, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடும் அம்மையாரின் வாய்மொழி. பஜ்ஜிக்கடை பாஷ்யம் என்று இதனைக் குறிப்பிடுவேன். “பேசிக்கிட்டே வர்றாங்க பாருங்க, அவங்க மிதிக்கலே” என்பது அதன் சூத்திரம். மிதிப்பவருக்குப் பேச மூச்சு மிஞ்சாது என்ற இந்த அநுமானம் எத்தனையோ தர்க்க நூல்களில் புகையைக் கொண்டு நெருப்பை அறிந்தவர்கள் அறிந்ததைவிடத் திண்மையானது. மௌனமாயிருப்பவர் மிதிப்பதனால் அன்றி, கோபத்தினாலும் மௌனமாயிருக்கலாமன்றோ என ஆக்ஷேபிப்பார்க்கு, அக்கோபம் மிதித்ததனால் வந்ததே என்பது விடை. நான்காவது மதம் ஒரு டிக்கெட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்டு, நான்காய் மடிக்கப்பட்டு, உரையாசிரியரின் சட்டைப்பையிலேயே சலவைக்குப் போய்விட்டது. வெளுத்து வந்த பிரதியில் ‘காலை’ என்ற ஒரு சொல் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அது பொழுதைக் குறித்ததா, உறுப்பைக் குறித்ததா, இரண்டாம் வேற்றுமையா, முதல் வேற்றுமையா என்பதைப் பற்றித் தனி நூல் எழுதுவதற்கு இடமிருக்கிறது. பட்டம் பெறுவதற்கும் இடமிருக்கிறது.

நால்வர் அமரும் பெடல் படகில் சிக்கல் இன்னும் ஆழமானது. முன்னால் இருவர்க்கு மிதிகள் உண்டு. பின்னால் இருவர்க்கு இல்லை. சாங்கிய மதத்தினர் பிரகிருதியையும் புருஷனையும், குருடனுக்கும் அவன் தோளில் ஏறி வழிகாட்டும் முடவனுக்கும் ஒப்பிட்டார்கள். நடப்பது ஒருவன், காண்பது ஒருவன். பின்னிருக்கை ஆசாமி தொழிலேதும் இன்றி வெறும் சாக்ஷியாய் வீற்றிருப்பது பற்றி அவரைப் புருஷதத்துவம் என்று கொள்ளலாமாயினும், சாங்கியப் புருஷன் வாய் திறவாதவன். இவரோ, “இடது பக்கம் ஒடி, அந்தப் புதர்ப்பக்கம் போகாதே, நீ மிதிக்கிற லட்சணத்துக்கு இருட்டிவிடும்” என்று ஓயாமல் உபதேசித்துக்கொண்டிருக்கிறார். மிதிப்பவள் அவருடைய மனைவியாயிருக்கும் இடங்களில் புருஷன் என்ற பெயர் பொருந்தியும் தத்துவம் பொருந்தாமல் போகிறது. அரைமணி நேரம் சுற்றியும் புறப்பட்ட துறைக்கே வந்து சேர்வதனால் போதலும் இல்லை, வருதலும் இல்லை என்பது அத்வைதிகள் கட்சி. கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும்போது மட்டும் இது செல்லாது.

அன்னப் படகு இதன் கிளை. கலத்தின் முகப்பிலே சிங்கம், எருமை, நாகம், யானை, புலி, வாத்து, மயில், கிளி, தவளை, மனிதன் ஆகிய தலைகளை அமைக்கலாமென்று போஜன் ஜாபிதா தந்திருப்பதால், தவளைமுகப் படகு கிடைக்காதவர்கள் படகுத்துறை அதிகாரிகளிடம் முறையிட அவர்களுக்குச் சாஸ்திர ஆதாரம் உண்டு. மிதித்து ஓட்டும் அன்னப் படகை 1877இல் பாஸ்டன் நகரத்துப் பூங்காவிலே முதலில் மிதக்க விட்டவர் ராபர்ட் பேஜெட் என்பவர். அன்னம் இழுத்துச் செல்லும் ஓடத்தில் வீரனொருவன் வரும் வாக்னரின் லோஹென்கிரின் என்ற இசைநாடகமே அவருக்குத் தூண்டுதலாம். பேஜெட்டின் பூர்விகம் தமிழகமே என்று நிறுவும் பணியை அதில் கைதேர்ந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன். நம் புலவர்கள் பாலையும் நீரையும் பிரிக்கும் ஆற்றலை அன்னத்துக்கு அளித்திருக்கிறார்கள். ஏரியில் நான் கண்ட அன்னங்கள் ஐஸ்கிரீம் காகிதத்தையும் நீரையும் பிரிக்கக்கூட முயலவில்லை.

படகைத் தேருமுன் அதன் சாசனங்களைப் படித்தறிதல் அவசியம். இருக்கையின் முதுகுப்புறத்தில் சாவிமுனையால் கீறப்பட்ட இவை இன்னும் படியெடுக்கப்படாமல் இருப்பது நம் சாசன ஆராய்ச்சித் துறைக்கு ஒரு குறை. ஒரு மாதிரி: ‘ரா’, பின்பு சிதைவு, ஒரு கூட்டல் குறி, ‘சு’, பின்பு சிதைவு, இரண்டையும் சூழ்ந்து அம்பு துளைத்த இதயம். ‘ரா’ என்பதை ராஜராஜன் என்று நிரப்பிக்கொள்வதில் எவருக்கும் தயக்கம் இராது. அம்பு உள்ள இடத்தில் வில் இருந்தே தீரும். வில் சேரர் இலச்சினை. இதயத்தின் கீழ்நுனி, வரைந்தவர் கை வழுக்கியதால், வாலைப்போல் நீண்டு மீன் வடிவம் கொண்டிருக்கிறது. மீன் பாண்டியர் இலச்சினை. ஆகவே இது மூவேந்தரும் ஒரு பெடல் படகில் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையாதல் வேண்டும். ‘சு’ யார் என்பது மட்டும் விளங்கவில்லை, தூதராயிருக்கலாம்.

கடைசியாக, களத்தில் வெளிப்பட்ட ஒரு சிறு முரண்பாட்டை மறைப்பது நேர்மையன்று. துறையிலே டிக்கெட்டைக் கொடுத்தவுடன் அங்குள்ள ஊழியர் ஒருவர், நுனியில் கொக்கி பொருத்திய நீண்ட கழியால், தமக்கு மிக அருகில் எந்தப் படகு மிதக்கிறதோ அதை இழுத்து, ஒரு காலால் அதன் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஏறுங்க சார், சீக்கிரம்” என்கிறார். சபலா, மந்தரா என்ற பேதங்களையும், வருணத்தையும், முகப்பையும், சாசனத்தையும் எடுத்துச் சொல்ல நின்றவனிடம், “எல்லாம் ஒண்ணுதான் சார், பின்னாடி வரிசை நிக்குது” என்று சொல்லி, ஈரம் உலராத லைஃப் ஜாக்கெட் ஒன்றைத் தலைவழியே மாட்டிவிடுகிறார். படகைத் தேர்பவர் படகில் ஏறுபவரே என்னும் இந்நூலின் அடிப்படைக்கு இச்செய்கை நேர்மாறானது. சித்தாந்தத்துக்கு முரணாக அநுபவம் நிகழுங்கால் அநுபவத்தைத் திருத்திக்கொள்ளும்படி அறிவிப்பதே நம் ஆராய்ச்சி மரபாகையால், இக்கட்டுரையின் பிரதி ஒன்றை அந்த ஊழியருக்கு அனுப்பியிருக்கிறேன். அவரிடமிருந்து பதில் வந்ததும் இரண்டாம் பாகம் வெளிவரும்.