பக்கவாசல் பரீட்சை

அமெரிக்கப் பணக்கார வீடுகளின் படிப்புக் கவலையைத் தீர்த்துவைக்க ரிக் சிங்கர் என்றொரு ஆலோசகர் இருந்தார். கல்லூரிக்கு மூன்று வாசல் என்பது அவர் கணக்கு. சொந்தமாகப் படித்து நுழைந்தால் முன்வாசல். கோடிகளை நன்கொடையாகக் கொட்டினால் பின்வாசல். அதில் குற்றம் ஏதுமில்லை, கல்வெட்டில் பேர்கூடப் போடுவார்கள். இவர் விற்றது பக்கவாசல்.

விளையாட்டு வீரர்களுக்கான இடத்தில் கல்லூரிக்குள் நுழைக்க, படகுப் போட்டி பக்கமே போகாத பெண்களை உடற்பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துப் படமெடுத்து வீராங்கனை ஆக்கினார்கள். நடிகை லோரி லாஃப்லின் தம்பதிக்கு, இரண்டு மகள்களுக்குமாகச் செலவு 5 லட்சம் டாலர். நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மன் சிக்கனக்காரர்: 15,000 டாலர்தான். கல்லூரி நுழைவுப் பரீட்சை முடிந்ததும் மகளின் விடைகளை ஒருவர் திருத்திவைத்தார். மகளுக்கே தெரியாது. கொடுத்த பணத்துக்குச் சிங்கரின் தரும ஸ்தாபனத்தின் நன்கொடை ரசீதும் உண்டு.

2019இல் எல்லாம் அம்பலமானது. ஹஃப்மனுக்கு 14 நாள் சிறை. சிங்கருக்கு மூன்றரை ஆண்டு.

எனக்குப் பிடித்தது இன்னொரு நுணுக்கம். கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம். அதனால் உளவியல் நிபுணர் முன்னால் பிள்ளை கொஞ்சம் மக்காக நடந்துகொள்ள வேண்டும் என்று ஓர் அப்பாவிடம் சிங்கர் சொல்லிக்கொடுத்தது தொலைபேசிப் பதிவில் இருக்கிறது. மழலையர் வகுப்பிலிருந்து கெட்டிக்காரத்தனத்துக்கு டியூஷன் வைத்த வீட்டில், மக்காக இருப்பதற்கும் ஒரு கோச்சிங்! அதற்கும் கட்டணம் டாலரில்தான்.