வாலை நறுக்குடா பேராண்டி

பேராண்டி, பிரஸ் வேலைக்கு நீ எழுதின விண்ணப்பத்தை உங்கம்மா காட்டினா. 'ஐ வொர்க் ஹார்ட்லி'ன்னு போட்டிருக்க. படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. நம்ம வம்சத்துல இவ்வளவு உண்மையை எவனும் கைப்பட எழுதிக் கொடுத்ததில்ல.

ஹார்ட்னா முதுகொடியப் பாடுபடுறது. அதுல ஒரு 'லி'யை ஒட்டினா, 'வேலையா, நானா? அபூர்வமாத்தான்'னு ஆயிரும். ஸ்லோவுக்கு லி ஒட்டினா ஒண்ணும் குடி முழுகாது, மெதுவா மெதுவாத்தான். ஹார்டுக்கு ஒட்டுறது வெடியோட அடியில திரி வச்ச கதை. உட்கார்ற இடமும் வேற: ஹார்ட் வினைக்குப் பின்னால வரும், ஹார்ட்லி முந்திக்கிட்டு முன்னால நிக்கும். வேலைக்கு முன்னாடியே வந்து நின்னு 'வேண்டாம்'கிற ஆளுன்னு வச்சுக்கோ.

பாடம் வேணும்னா வாசலுக்கு வா. நம்ம கரிசக்காட்டுல வெயில் அடிக்கிறது ஹார்டு, மழை பெய்யுறது ஹார்ட்லி. அந்த வெயிலை நம்பித்தான் தீக்குச்சியும் மருந்தும் காயுது. 1922-ல சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறி, தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து, மறுவருஷமே சிவகாசியில ஆபீஸ் போட்டாங்க. அவங்க உழைப்புல லி கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ் போற உங்க அத்தையைக் கேளு. 144 பெட்டி சேர்ந்தாத்தான் ஒரு குரோசு, குரோசுக்குத்தான் கூலி. நீ எழுதின மாதிரி அவ வேலை பார்த்தா, சனிக்கிழமைச் சம்பளம் பஸ்ஸுக்குக் கூடக் காணாது.

லேட்டும் இதே கூத்துதான். லேட்னா தாமதம், லேட்லின்னா சமீப காலமா. நீ சமீப காலமாத் தாமதமா எந்திரிக்கிறவன். உனக்கு ரெண்டும் பொருந்தும்.

அப்புறம் பேச்சுக்குப் பேச்சு 'ஃபாஸ்ட்லி'ங்கிற. அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுய்யா. ஃபாஸ்டுக்கு வால் முளைக்கல. நம்ம பட்டாசு ஆபீஸ்ல மருந்து கலக்குற ரூமுக்குள்ள அது வால் இல்லாமலும் நுழையக் கூடாது. அவசரத்துல ஒரு உரசல் போதும். இதை மட்டும் விளையாட்டாச் சொல்லல.

சரி, விண்ணப்பத்துக்கு வா. அச்சுத் தொழில்ல பேர் வாங்கின ஊர் சிவகாசி. அங்க வேலை கேட்குற தாள்லயே பிழையோட போனா, மொதலாளி நல்லாச் சிரிப்பார், டீயும் வாங்கித் தருவார், வேலை மட்டும் தர மாட்டார். பஸ் வர்றதுக்குள்ள அந்த லியை அடிச்சுட்டு வேற தாள்ல எழுது. எழுதினதை உங்கம்மாகிட்டக் கொடுக்காத, என்கிட்டக் கொடு.