பறக்கும் படைக்கு ஒரு பாராட்டு மனு

அனுப்புநர்: சந்துமுனை மளிகைக் கடைக்காரன்
பெறுநர்: பிளாஸ்டிக் ஒழிப்புப் பறக்கும் படை
பார்வை: அரசாணை எண் 84, நாள் 25.6.2018

ஐயா,

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஜீப் நிறைய வந்து, என் கடையில் கால் கிலோ கவரைப் பிடித்துச் சென்றதற்கு நன்றி. எட்டுக்கு எட்டு கடைக்குள் அத்தனை அதிகாரிகள் நின்றதை இந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

அதிலும் தேடிய அழகு! வாசலில் சரம்சரமாகத் தொங்கும் ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய் பாக்கெட்டுகளைத் திரைச்சீலை மாதிரி ஒரு கையால் ஒதுக்கி, சிப்ஸ் மூட்டையைத் தாண்டி, கல்லாவுக்குக் கீழே கையைவிட்டுக் கவரை மட்டும் எடுத்தீர்களே!

2019 ஜனவரி 1 முதல் தடை என்பது எனக்கும் தெரியும். 120 மைக்ரான் தடிமன் இருந்தால் டெல்லி மன்னிக்கும், சென்னை மன்னிக்காது என்பதும் தெரியும். ஆனால் இட்லி மாவை மஞ்சப்பையில் ஊற்றிக் கொடுக்கும் வித்தை இன்னும் கைவரவில்லை. ஜனங்களும் தூக்குவாளியோடா வருகிறார்கள்? கையை வீசிக்கொண்டு வந்து, "அண்ணே, ஒரு கவர்" என்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடை.

மூலையில் ஒரு ஜவுளிக்கடை 'துணிப்பை' கிடந்தது. தங்களில் ஒருவர் அதன் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். சாம்பலாகாமல் உருகி என் தராசுத் தட்டில் சொட்டியது. பிளாஸ்டிக்தான் என்று அதற்கும் சேர்த்து ரசீது போட்டீர்கள். பையின் மேல் ஜவுளிக்கடையின் பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் இருந்தன. உருகும் அவசரத்தில் யாரும் வாசிக்கவில்லை போலும்.

ஒரே ஒரு விண்ணப்பம். தடை என்பது உற்பத்தியில் ஆரம்பித்து, சேமிப்பு, விநியோகம், விற்பனை என்று இறங்கி, பயன்பாட்டில் வந்து முடிகிறது. தாங்கள் வால் பக்கமிருந்து வாசித்துவருகிறீர்கள். தலைக்குப் போய்ச்சேர நாளாகும்.

கவர் எங்கே தயாராகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்று தங்களில் ஒருவர் வருத்தப்பட்டார். மனசு கேட்கவில்லை. எங்களுக்குச் சப்ளை செய்பவர் செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மூட்டையோடு வருவார். அந்த நேரத்துக்கு வந்தால் அறிமுகப்படுத்தி வைக்கிறேன், டீ என் செலவு. அடையாளம் சொல்லவும் தேவையில்லை. எங்கள் சந்து குறுகல் என்பதால், போன செவ்வாய் தங்கள் ஜீப் பின்னால் நகர்ந்து வழிவிட்டது அவருக்குத்தான்.

இப்படிக்கு,
ரசீது எண் கைவசமுள்ள கடைக்காரன்