அட்டைப்பெட்டி சொல்லும் முப்பது மீட்டர்

சைக்கிளில் மாட்டும் மலிவு விலை ஆக்‌ஷன் கேமராவுக்கு இரண்டு பாகங்கள். ஒன்று கேமரா, மற்றொன்று அது வந்த அட்டைப்பெட்டி. இரண்டில் அட்டைப்பெட்டிதான் கெட்டிக்காரத்தனம் உடையது. 4கே வீடியோ, 12 மெகாபிக்சல், 170 பாகைப் பார்வை, 30 மீட்டர் ஆழம் வரை நீர் புகாமை ஆகிய நான்கும் முதலில் அதன் குணங்கள். அவற்றில் எத்தனை உள்ளே இருக்கும் கருவிக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதையே பரிசோதனை என்கிறார்கள்.

இந்த இனத்தில் மூத்தது கோப்ரோ. அலைச்சறுக்கு ஆடும்போது தன்னைத் தானே படம் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்ட நிக் உட்மன் என்ற அமெரிக்கர் 2002இல் தொடங்கிய நிறுவனம் அது. 2004இல் வந்த அதன் முதல் கேமரா, 35 மி.மீ. பிலிம் சுருள் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வகை. சுமார் பத்தாண்டு கழித்துச் சீனாவிலிருந்து எஸ்ஜே4000 என்ற கேமரா வந்தது. உருவம் ஏறக்குறைய அதே, விலை அதில் சிறு பங்கு. அது நன்றாக விற்றது. நன்றாக விற்றதால் அதற்கும் போலிகள் முளைத்தன. இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் பல இந்த வம்சத்தின் பேரப்பிள்ளைகள்தான். மேலே ஒட்டிய பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

பரிசோதனைக்குச் சித்தூர்–திருப்பதி வட்டாரத்தை மிஞ்ச இடமில்லை. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். நிதானமாக மிதிப்பவருக்குத் தேநீர் சேர்த்து நான்கு மணி நேரம். வழியில் வெயில், புழுதி, வேகத்தடை, லாரி, நாய் என்று கேமராவுக்குத் தேவையான கேள்வித்தாள் முழுவதும் கிடைக்கிறது. சாலையிலிருந்து சற்றே விலகினால் காணிப்பாக்கம். அங்குள்ள வரசித்தி விநாயகர் சத்தியப் பிரமாணத்துக்குப் பேர்போனவர். கடன் வாங்கவில்லை, நகையை எடுக்கவில்லை என்று சாதிப்பவர்கள் குளித்துவிட்டு ஈரத்துணியோடு அவர் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவரை அவர் விடமாட்டார் என்பது சுற்றுவட்டார மக்களின் நம்பிக்கை. அட்டைப்பெட்டியில் எழுதுகிற ஆட்களை ஒருமுறை அங்கே அழைத்துவந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

முதல் சத்தியம் பிக்சலைப் பற்றியது. எஸ்ஜே4000இல் இருந்த ஒளியுணரி 3 மெகாபிக்சல்தான். அது எடுத்துத் தரும் படமோ 12 மெகாபிக்சல். மூன்று பேருக்குக் கரைத்த மோரில் பன்னிரண்டு பேருக்குத் தண்ணீர் விடுகிற வித்தை இது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடையில் இன்னது இருந்திருக்கலாம் என்று கேமராவே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. மலிவு 4கே-யும் பெரும்பாலும் இதே குடும்பம். 1080 வீடியோவில் ஒரு பிரேமுக்குச் சுமார் 21 லட்சம் புள்ளிகள், 4கே-யில் சுமார் 83 லட்சம். மீதி 62 லட்சத்தையும் கற்பனையில் எழுதும் கருவியைக் கதாசிரியர் என்று சொல்லலாம், சாட்சி என்று சொல்ல முடியாது. 1080இல் வைத்துவிடுவது நல்லது. கோப்பின் கனம் குறையும், படம் அப்படியேதான் இருக்கும்.

நீர்ப் பரிசோதனைக்குச் சற்று விரிவான விளக்கம் தேவை. முதலில், நீர் புகாதது கேமரா இல்லை. அதைச் சுற்றி வருகிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. வெளியே எடுத்த கேமரா ஒரு தும்மலுக்குக்கூடப் பொறுப்பேற்காது. அடுத்து, 30 மீட்டர். தண்ணீருக்குள் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடும் என்பதால், 30 மீட்டரில் உறையின் மேல் மொத்தம் நான்கு வளிமண்டல அழுத்தம் இருக்கும். அந்த ஆழத்தில் சைக்கிள் ஓட்டுபவருக்குக் கேமராவை விட அவசரமான கவலைகள் உண்டு. தவிர, சித்தூர்ப் பக்கம் 30 மீட்டர், அதாவது நூறு அடி, ஓர் ஆழமே இல்லை. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டும் புழுதி மட்டுமே பார்த்த தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. அட்டைப்பெட்டி வாக்களித்த ஆழத்துக்குப் போனாலும் தண்ணீரைச் சந்திக்காமலே திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே வீட்டில் செய்யும் முறை இது. கேமராவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, காலி உறைக்குள் டிஷ்யூ காகிதம் ஒன்றை மடித்துப் போட்டு மூட வேண்டும். மேலே கல்லை வைத்து வாளித் தண்ணீரில் ஓர் இரவு அமுக்கி வைக்க வேண்டும். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் முதல் தேர்வில் தேர்ச்சி. வாளியின் ஆழம் ஓரடி. அட்டைப்பெட்டியின் கணக்கில் நூற்றில் ஒரு பங்கு. பாசனக் கிணறு உள்ளவர்கள் கயிற்றில் கட்டி இறக்கலாம். இறக்குவதற்கு முன் கிணற்றுக்காரரிடம் நோக்கத்தை விளக்குவது முக்கியம். பிளாஸ்டிக் டப்பாவில் காகிதத்தை மடித்துப் போட்டு அதிகாலையில் அடுத்தவர் கிணற்றில் இறக்குவதற்கு ஊரில் வேறு பெயர் உண்டு.

ஆழத்தைத் தாங்கிய உறை தண்ணீரின் அடியையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தர விதியின்படி ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் கிடப்பது. பீய்ச்சியடிக்கும் நீருக்கு ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்று தனித் தேர்வுகள். ஒன்றில் தேறியதால் மற்றதிலும் தேறியதாகாது. இந்த வேறுபாட்டை நேரில் காண விரும்புபவர் திருப்பதியிலிருந்து பாக்கராப்பேட்டை மலைச்சாலை ஏறி, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளித் தலக்கோனாவுக்குப் போகலாம். 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி அது. உறையின் கொக்கி எந்தப் பக்கம் பலவீனம் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். மழைக்காகக் காத்திருப்பவர்கள் வடகிழக்குப் பருவத்தில் முயலலாம். ஆனால் 2021 நவம்பர் போன்ற மழை பரிசோதனைக்கு உகந்ததல்ல. அப்போது திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. திருமலைப் பாதைகளையே மூடினார்கள். சாலையில் தண்ணீரோடு சேர்ந்து தெறிக்கும் மற்றவற்றுக்கு அந்தத் தர விதியில் இடமே இல்லை. ஜூனில் மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களிலிருந்து விழுந்து நசுங்கிய பெங்களூராப் பழம், எருமை போட்டுவிட்டுப் போன சாணி ஆகியவற்றுக்கு ஐபி வரிசையில் இன்றுவரை எண் ஒதுக்கப்படவில்லை.

தண்ணீரை உள்ளே விடாத உறை காற்றையும் வெளியே விடாது. கேமரா சூடாக, வெளியே மழை கண்ணாடியைக் குளிரவைக்க, உள்ளே அடைபட்ட ஈரக்காற்று லென்ஸுக்கு எதிரே வந்து வியர்க்கும். அன்றைய வீடியோ முழுக்கப் பனிமூட்டமாகத் தெரியும். பார்ப்பவர்கள் ஊட்டியா என்று கேட்பார்கள். மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே செருகுவது இதற்கு நல்ல மருந்து. மே மாத வெயிலுக்கு அதுவும் உதவாது. 40 பாகையைத் தாண்டும் திருப்பதி மதியத்தில் மூடிய உறைக்குள் கேமரா சூடேறித் தானாகவே அணைந்துவிடும். அதை ஓட்டுபவர் கவனிக்க மாட்டார். மிச்ச தூரம் முழுவதும் அணைந்த கேமராவுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி, முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு மிதிப்பார்.

நடுக்கம் அடுத்த பாடம். மலிவு ஒளியுணரி ஒரு படத்தை முழுதாக ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. வாசித்து முடிப்பதற்குள் சைக்கிள் ஒரு வேகத்தடையில் குலுங்கிவிட்டால் மேல்வரி ஓரிடத்திலும் கீழ்வரி ஓரிடத்திலும் நிற்கும். மின்கம்பம் நெளியும், லாரி நடனமாடும், பூதலப்பட்டு பக்கத்துப் புளியமரங்கள் சாமியாடும். ஹேண்டில்பாரில் மாட்டினால் இதுதான் கதி. மார்பில் பட்டையோடு கட்டினால் ஆட்டம் குறைகிறது, ஆனால் குனிந்து ஓட்டுபவருக்கு அவருடைய முழங்கால்கள் மட்டுமே படத்தில் விழும். ஹெல்மெட்டில் வைப்பது படத்துக்கு மேலானது. மரியாதைக்கு அப்படிச் சொல்ல முடியாது. தேநீர்க் கடையில் நிறுத்தினால், “என்ன சார், கரண்டு ஆபீசா?” என்று தமிழிலும், “யூடியூபா அன்னா?” என்று தெலுங்கிலும் விசாரணை நடக்கும். இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் கடைக்காரர் தலைவாரிக்கொண்டு வரும்வரை தேநீர் தாமதமாகும்.

ஏற்றத்தைப் பதிவு செய்வதில் இந்தக் கேமரா செய்யும் துரோகத்துக்கு விலை காரணமல்ல. விலை உயர்ந்ததும் இதையே செய்கிறது. சைக்கிள் மேட்டில் ஏறும்போது அதில் மாட்டிய கேமராவும் அதே கோணத்தில் நிமிர்ந்துகொள்கிறது. கேமராவின் கண்ணுக்குச் சாலை எப்போதும் சமதளம். போதாததற்கு அகன்ற லென்ஸ் கிட்டத்தில் உள்ளதைப் பெரிதாக்கி, தூரத்தில் உள்ளதைச் சுருக்கும். சுமார் 850 மீட்டர் உயரத்தில் நிற்கும் திருமலை அதில் ஒரு வேலி உயரம்தான். பாக்கராப்பேட்டை ஏற்றத்தில் நாக்கு வெளியே தள்ள மிதித்தவர் வீட்டில் வந்து போட்டுக் காட்டுகிறார். திரையில் தட்டையான சாலை. அதில் ஒருவர் எந்தக் காரணமும் இல்லாமல் மெதுவாகப் போகிறார். “வண்டியில காத்து இல்லையா?” என்று வீட்டார் கேட்பதில் தவறு காண முடியாது. இறக்கத்தில் இதே லென்ஸ் நேர்மாறாக வேலை செய்கிறது. தரையை ஒட்டி மாட்டினால் 30 கிலோமீட்டர் வேகம்கூட அசுர வேகமாகத் தெரியும். உழைப்பை மறைத்து உழைக்காததைப் பெருக்கிக் காட்டும் இந்தக் குணத்தால்தான் இணையத்தில் இறக்க வீடியோக்கள் மட்டும் நிறைந்திருக்கின்றன.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறை மூடியிருந்தால் பேச்செல்லாம் முனகலாக மாறும், சங்கிலியின் கரகரப்பு மட்டும் தெளிவாகக் கேட்கும். நாய் துரத்திய இடங்களில் ஓட்டுபவர் சொன்ன வார்த்தைகள் பிறர் காதில் விழாமல் போவது இதன் ஒரே நன்மை.

பலர் கேமரா வாங்குவது அழகுக்காக அல்ல, சாட்சிக்காக. உரசிச் சென்ற வண்டியின் எண்ணைப் பிடிப்பதே நோக்கம். 170 பாகை லென்ஸில் சில மீட்டருக்கு அப்பால் போன எண்பலகை ஒரு வெள்ளைப் புள்ளி. ஏபி 03 என்று வாசிக்க முடிந்தால் சித்தூர் என்றாவது முன்பு தெரியும்; 2019இல் ஆந்திரம் முழுவதற்கும் பொதுவாக ஏபி 39 தொடர் வந்துவிட்டதால் அந்த ஆறுதலும் போனது. மெமரி கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும் லூப் முறையில் மூன்று அல்லது ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு என்று வெட்டிச் சேமிக்கிறது. மலிவுக் கருவிகளில் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சிறு இடைவெளி விழும். வாழ்க்கையில் நடப்பவற்றில் முக்கியமானவை அந்த இடைவெளியைத் தேடிப் பிடித்து நடக்கின்றன. போதாக்குறைக்குத் தேதி. பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் பல கருவிகள் தங்கள் பிறந்த ஆண்டுக்குத் திரும்பி, 2015 ஜனவரி 1 என்று முத்திரை குத்தத் தொடங்கும். திருப்பதி மாவட்டம் பிரிந்தது 2022 ஏப்ரல் 4 அன்று. ஆகவே மாவட்ட எல்லையைத் தாண்டிச் சந்திரகிரிக் கோட்டை வரை மிதித்தவர், கேமராவின் கணக்கில் சித்தூர் மாவட்டத்தை விட்டு வெளியேறவே இல்லை.

பேட்டரி பொதுவாக 900 மில்லி ஆம்பியர் மணி. புதிதாக இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். நான்கு மணி நேரப் பாதைக்கு மூன்று, நான்கு வேண்டும். மாற்றுவதற்கு உறையைத் திறக்க வேண்டும். மழையில் திறந்தால் அதுவரை காத்த நீர்புகாமை அங்கேயே முடிந்தது. பேட்டரியை மாற்றும் கையில் ஈரம் இருக்கக் கூடாது. மழையில் சைக்கிள் ஓட்டுபவரின் கை ஈரமில்லாமல் இருப்பது எப்படி என்று விளக்கத்தாள் கூறவில்லை. திருப்பதியை அடைந்து திருமலை அடிவாரமான அலிபிரி வரை போனவர் அங்கே கேமராவைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். மேலே கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதியில்லை.

பராமரிப்பு எளிது. உறையைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும் என்பதால், மூடும் முன் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வளையம் காய்ந்து வெடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் உதவாது. உத்தரவாத அட்டையைக் காய்ந்த இடத்தில் பத்திரப்படுத்தலாம். தண்ணீர் புகுந்து கெட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். வளையம் அறுந்துபோனால் தனியாகக் கிடைப்பது அரிது. சித்தூரில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் கடைகளில் எல்லா அளவிலும் ரப்பர் வளையம் உண்டு. ஆனால் அவை வட்டம், உறையின் வளையம் சதுரம்; இழுத்து மாட்டினால் நான்கு மூலையிலும் தூக்கிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எத்தனை எச்.பி. என்று கேட்பார்.