டெட்டாலில் குளிக்கும் விமானம்

தாம்பரம் விமானப்படை நிலையத்தில் விமானம் ஓட்டச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கே பாடம் நடக்கிறது, 1954 முதல். அந்த விமான இரைச்சலுக்குக் கீழே, பெரும்பாக்கத்து ஃபிளாட்டில், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயர் பொம்மை விமானத்துக்குப் பழைய பெயின்ட் உரித்துக்கொண்டிருப்பார்.

பெயின்ட் உரிக்க ஹார்டுவேர் கடையில் கேட்டால் தயங்காமல் தின்னர் எடுத்து நீட்டுவார்கள். பெயின்ட் போகும், துணைக்கு இறக்கையும் வாலும் போகும். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பாலிஸ்டைரின். தின்னரைப் போலவே அசிட்டோன் பட்டாலும் குழைந்துவிடும். மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரிலும் பல நேரம் அதே சரக்குதான். அதைத் தொட்டால் இரண்டு ஆபத்து.

மிச்சமிருப்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், இல்லையேல் தண்ணீர் கலக்காத டெட்டால். முதலில் உதிரித் துண்டில் சோதனை. பிறகு மூடி போட்ட டப்பாவில் இரவெல்லாம் ஊறல். காலையில் கையுறையோடு பழைய டூத்பிரஷ். டெட்டால் என்றால் அவசரப்பட்டுக் குழாயடிக்கு ஓடக் கூடாது, உரிந்த பெயின்ட் பிசினாகிவிடும்; டெட்டாலிலேயே அலசிவிட்டுத்தான் சோப்புத் தண்ணீர். அடுப்பு அணைந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்துச் சதுப்புநிலக் கொசுக்கள் வேடிக்கை பார்க்க வரும்.

வாசனை பிடித்து எதிர்வீட்டு மாமியும் வருவார்.

"யாருக்கு அடிபட்டது?"

"ஸ்பிட்ஃபயருக்கு, மாமி."