சரியான கடவுச்சொல் தோற்பது ஏன்: ஒரு கதவாராய்ச்சி

உபுண்டு குடும்பத்து லினக்ஸ் கணினிகளில், பெரிய அப்கிரேடு ஒன்று பாதியில் நின்றுபோன மறுநாள் காலை ஒரு விந்தை நிகழ்வதுண்டு. பயனர் தம் கடவுச்சொல்லை அடித்து என்டர் தட்டுகிறார். திரை கறுக்கிறது. அப்பாடா என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அதே லாகின் திரை, அதே வெற்றுக் கட்டத்தோடு, முன்பின் பார்த்திராத முகத்தோடு திரும்ப வந்து நிற்கிறது. இருபது முறை அடித்தாலும் இருபது முறையும் இதே கதி. உலக வழக்கில் இதை லாகின் லூப் என்பர். செக்குமாட்டு நிலை என்று இக்கட்டுரை பெயரிடுகிறது. இதைப் பற்றிப் புலம்பல்கள் ஏராளம், ஆராய்ச்சி குறைவு. புலம்புவோர் கவனிக்கத் தவறும் சான்று ஒன்று கண்ணெதிரே கிடக்கிறது. கடவுச்சொல்லை வேண்டுமென்றே தப்பாக அடித்துப் பாருங்கள். கடவுச்சொல் தவறு என்று கணினி உடனே எழுதிக் காட்டும். தப்புக்கு வாய்திறக்கும் கதவு சரிக்கு மட்டும் மௌனம் சாதிக்கிறது. ஆகவே கதவு நம்மைத் தடுக்கவே இல்லை, திறந்துவிட்டது, உள்ளே கால் வைக்க இடமில்லாமல்தான் வாசலுக்குத் திரும்பி வருகிறோம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கதவின் குணத்தை முதலில் நிறுவுவோம். கணினிக்குக் கடவுச்சொல் என்னும் ஏற்பாடு 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கொர்பட்டோ குழுவினர் உருவாக்கிய சிடிஎஸ்எஸ் அமைப்பில் வந்தது. ஒரே இயந்திரத்தைப் பலர் பங்குபோட்டதால் அவரவர் கோப்புக்கு ஒரு பூட்டு வேண்டியிருந்தது. 1966இல் அதே அமைப்பில் தற்காலிகக் கோப்புகள் இரண்டு இடம் மாறி, அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன. மானம் போன அந்தச் சம்பவத்திலும் கதவு குற்றவாளி இல்லை, உள்ளே கோப்பு மாறியதே காரணம் என்பது நோக்கத்தக்கது. இன்றைய லினக்ஸோ கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதே இல்லை. திருப்பி எடுக்க முடியாதபடி அதை அரைத்தெடுத்த சாற்றை மட்டும் ‘ஷேடோ’ என்ற கோப்பில் வைத்திருக்கிறது. நாம் அடிப்பதையும் அரைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பதோடு வாயிலோன் வேலை முடிந்தது. அப்கிரேடு ஆயிரக்கணக்கான பொதிகளை மாற்றும். நம் சாற்றைத் தொடும் வேலை அதற்கு இல்லை. வேதாரணியத்துக் கதவைத் திறக்க அப்பர் பதிகமே பாட வேண்டியிருந்தது, அடைக்கச் சம்பந்தருக்கு முதல் பாட்டே போதுமாயிற்று என்று பெரியபுராணம் சொல்லும். நம் கதவு அந்த அளவுக்குப் பிடிவாதக்காரக் கதவல்ல. ஒரு சொல்லுக்கே திறக்கிறது.

இனி உள்வீட்டுச் சான்று. செக்குமாட்டுத் திரையில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எஃப் 3 தட்டினால் கொல்லைப்புற வாசல் வரும்: கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றுமில்லை. அங்கே கடவுச்சொல் அடிக்கையில் நட்சத்திரம்கூடத் தெரியாது. கீபோர்டு செத்துவிட்டதோ என்று அஞ்சாமல் அடித்து முடிக்க வேண்டும். முன்வாசலில் இருபது முறை தோற்ற அதே சொல் இங்கே முதல் தடவையே பலிக்கிறது. இதைவிடத் தெளிவான சான்றை எந்த நீதிமன்றமும் கேட்காது. எழுத்துத் திரைக்கு உட்கார ஒரு மணைப்பலகை போதும். படத்திரைக்கோ வீட்டுக்காரர் அடைவில் சில கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத முடியாவிட்டால் சத்தம் போடாமல் படுத்துவிடும், வாயிலோனும் பழைய கட்டத்தை மறுபடி நீட்டுவான். எழுத முடியாமற்போவதற்கு முதற்காரணம் டிஸ்க் நிரம்பியது. டிஎஃப் என்ற கட்டளையை இட்டால் நூறு விழுக்காடு என்று காட்டும். நிரப்பியது பெரும்பாலும் அப்கிரேடேதான். வீட்டைப் புதுப்பிக்க வந்த கொத்தனார் மணலையும் ஜல்லியையும் கூடத்தில் கொட்டிவிட்டுப் போனதுபோல, இறக்கிய பொதிகளெல்லாம் உள்ளே குவிந்து கிடக்கும். ‘சூடோ ஆப்ட் கிளீன்’ என்றால் அவை வெளியேறும். டிஸ்க்கே நிரம்பியபின், சூடோ அழைக்கும் தலைமைப் பயனரான ரூட்டுக்கு மட்டும் எப்படிக் கை அசைகிறது என்று கேட்கலாம். எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறை இயல்பாகவே நூற்றில் ஐந்து பங்கை ரூட்டுக்கென எடுத்துவைத்துவிடுகிறது. ஊரே பட்டினி கிடந்தாலும் தலையாரிக்குத் தனிச்சோறு உண்டு. அந்தச் சோற்றில்தான் வீடு கூட்டிப் பெருக்கப்படுகிறது. பிறகு ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்று இட்டால், அரைகுறையாக நின்ற பொதிகள் விட்ட இடத்திலிருந்து அமைந்து முடியும்.

இரண்டாம் காரணம் இன்னும் சுவையானது. லைட்டிஎம் என்னும் வாயிலோன் காக்கும் சுபுண்டு போன்ற வகைகளில், பயனர் அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பு ஒன்று இருக்கும். உள்ளே இருப்பது 128 பிட் நீளமுள்ள ஓர் அனுமதிச்சீட்டு. கோப்பின் உடையவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரூட் ரூட்’ என்று இருமுறை எழுதியிருந்தால் விஷயம் புரிந்துவிடும்: சொந்த வீட்டுச் சீட்டு அடுத்தவர் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றியவர் அநேகமாக வீட்டுக்காரரேதான். பாதியில் நின்ற அப்கிரேடைச் சரிசெய்யும் பதற்றத்தில், படத்திரை நிரலை சூடோவோடு ஓட்டியிருப்பார். ‘சௌன்’ கட்டளையால் பெயரைத் திருப்பி எழுதினால் பட்டா கைக்கு வரும். என்விடியா டிரைவர் புதிய கெர்னலோடு பிணங்குவது, கோப்பு எழுதுவதோடு தொடர்பில்லாத மூன்றாம் காரணம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தால் தற்காலிகமாக ஓயும்.

சுபக்கம் சொன்னபின் பரபக்கத்துக்கும் விடை சொல்ல வேண்டும். கடவுச்சொல்லையே மாற்றிவிட்டால் என்ன என்பது ஒரு கட்சி. அவர்கள் ரெக்கவரி மோடில் நுழைந்து ‘பாஸ்வேர்டு’ கட்டளையை இடுவார்கள்; அங்கே டிஸ்க் படிக்க மட்டுமே திறந்திருந்தால் அங்கீகார டோக்கனைக் கையாள்வதில் பிழை என்றொரு பயங்கரமான பதில் வரும். அதைக் கண்டு கடவுச்சொல்தான் கெட்டது என்று இன்னும் உறுதியாக நம்பத் தொடங்குவார்கள். டிஸ்க்கை எழுதும்படி மறுபடி ஏற்றி, மாற்றியும் முடித்தபின் புதிய சொல்லோடு அதே செக்கைச் சுற்றுவார்கள். பூட்டை மாற்றினால் கூடத்து ஜல்லி போகுமா? எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவே போட்டுவிடலாம் என்பது மறுநிறுவல் கட்சி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் இம்முறை பலன் தரும் என்பதை மறுக்கவில்லை, பூச்சியும் போகும். ஆனால் பூச்சி எங்கே இருந்தது என்பது கடைசிவரை தெரியாமற்போவதால் இது ஆய்வுமுறைக்கு ஒவ்வாது. மறுபடி அணைத்துப் போடு என்னும் கட்சிக்கு விடை சுருக்கம்: அணைத்துப் போட்டால் ஜல்லி கரையாது.

எஞ்சியிருப்பது, அப்கிரேடு வரும் மாதமே சரியில்லை என்னும் காலக்கணிதக் கட்சி. இதை எளிதில் தள்ள முடியவில்லை. நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஏப்ரலில் வந்தாலும், முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருப்போருக்கு அப்கிரேடு அழைப்பு முதல் திருத்த வெளியீட்டுக்குப் பிறகுதான் வரும். 16.04.1 வெளியானது 2016 ஜூலை 21, 18.04.1, 2018 ஜூலை 26, 20.04.1, 2020 ஆகஸ்ட் 6, 22.04.1, 2022 ஆகஸ்ட் 11. நான்கும் ஆடி மாதம். ஆடியில் யாராவது குடிபுகுவார்களா என்று இக்கட்சியார் கேட்கும்போது பதிலுக்குத் திணறத்தான் வேண்டியிருக்கிறது. நல்லவேளையாக 24.04.1 தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 29 அன்று, ஆவணியில் வந்தது. வந்த சில நாள்களிலேயே அப்கிரேடு கருவியில் பெரிய பிழை கண்டு, 22.04இலிருந்து வரும் வழியை உபுண்டு குழுவினரே நிறுத்திவைத்தார்கள். ஆடி குற்றமற்றது. ஆவணியானாலும் டிஎஃப் போட்டுப் பார்த்துவிட்டே தொடங்கவும்.