தடவிப் படிக்கும் விரல்

கேள்வி: டி.என்.ஏ. முழுக்க நாலே எழுத்துதானாமே! மரபணுவைப் பூட்டித் திறக்கும் புரதம் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– வெல்ல வியாபாரி ஒருவர், நெய்க்காரப்பட்டி

பதில்: நீங்கள் அச்சு வெல்லத்தைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்வதில்லையா, அப்படித்தான். டி.என்.ஏ. என்ற முறுக்கேணியைப் புரதம் பிரிப்பதே இல்லை. அதன் அகலப் பள்ளத்தில் விரல்போல ஒரு சுருளை நுழைத்து, எழுத்துகளின் ஓரங்களை ஹைட்ரஜன் பிணைப்பால் தடவும். ஈ.கோலை பாக்டீரியாவில் சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள். அங்கே மரபணுவைப் பூட்டும் லேக் ரெப்ரஸர் என்ற புரதம் தேடுவதோ இருபது சொச்சம்தான். கண்ட இடத்தில் லேசாக ஒட்டி, வழுக்கிக்கொண்டே போகும். பொருந்தியதும் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். இத்தகைய புரதங்களை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்த மதன் பாபு (நடிகர் இல்லை, விஞ்ஞானி!) கேம்பிரிட்ஜில் அலசி 2003இல் கட்டுரை எழுதினார். சரி, உட்கார்ந்த லேக் ரெப்ரஸர்? பால் சர்க்கரை வந்தால்தான் எழுந்திருக்கும். உங்கள் வெல்லத்தை மூட்டையாகக் கொட்டினாலும் அசையாது.